எழுதும் கையும் பார்க்கும் கண்ணும்



எழுதப்பட்டது நிலைக்கும் என்பது மனித இனத்தின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்றாகும். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும், எழுத்து நின்று சான்று பகரும் என்று எண்ணியே நம் முன்னோர் கல்லிலும் செப்பேட்டிலும் பனையோலையிலும் தம் செய்திகளைப் பொறித்து வைத்தனர். வரலாறு கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கு அந்நம்பிக்கையே மூலதனம். ஆயினும், அந்த நம்பிக்கை என் அலுவலக மேசையின்மீதே ஒருநாள் பொய்த்துப் போயிற்று. அது பொய்த்ததை உணராமல், குற்றமற்ற ஒருவர்மீது நான் குற்றஞ் சுமத்தினேன். அந்தத் தவற்றின் காரணத்தைத் தேடிச் சென்றபோது நான் கற்றுக்கொண்ட ஒரு வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதி. நாட்டைப் பிடித்திருந்த பொருளாதார நெருக்கடியினால் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையும் மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலம் அது. சொறிக்கல்முனையைச் சூழ்ந்த வயல்வெளிகளில் இருள் விழுமுன்னரே எங்கள் வீடுகளில் இருள் விழுந்துவிடும். நான் அதிபராகப் பணிபுரிந்த பாடசாலையில், பழைய சேர்வு இடாப்புக்களைக் கணினியில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. இலிகிதர் மூன்று மாதம் உழைத்து, பல ஆண்டுகளின் பெயர்களைப் பதிந்திருந்தார். பெற்றோரை அழைத்து, பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்து, பழைய இடாப்பிலிருந்த பிழைகளையுந் திருத்தியிருந்தார். அவற்றையெல்லாம் சட்டைப்பையில் அடங்கும் ஒரு பென் டிரைவில் சேமித்து வந்தார்.

ஒருநாட் பிற்பகல் மின்சாரம் நின்றது. மறுநாட் காலை கணினியைத் திறந்தபோது, கோப்பின் பெயர் இருந்தது. அதன் அளவும் சரியாகவே காட்டியது. உள்ளே ஓர் எழுத்தேனும் இல்லை. “சேர், நான் சேமித்தேன். கரண்ட் போவதற்குக் கால் மணித்தியாலம் முன்னமே சேமித்து, திறந்தும் பார்த்தேன்” என்றார் இலிகிதர். நான் நம்பவில்லை. அசட்டை என்று முடிவு செய்து, எழுத்தில் விளக்கங் கோரினேன். அக்கடிதத்தின் பிரதியை அவருடைய கோவையிலுஞ் சேர்த்தேன். வெளிநாடு செல்லவிருந்த ஓர் இளைஞனின் விடுகைப் பத்திரம் இதனாற் பல நாள் தாமதமாயிற்று. அவனுடைய தாயார் வாயிற்படியில் வந்து நின்ற ஒவ்வொரு முறையும் என் சினம் இலிகிதர்மீதே பாய்ந்தது.

உண்மையில் குற்றவாளி யார்? மின்வெட்டா? இலிகிதரா? கணினியா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், ‘எழுதுதல்’ என்னுஞ் செயல் கடந்த எழுபது ஆண்டுகளில் அடைந்த மாற்றத்தை முதலில் அறிதல் வேண்டும்.

ஓலையில் எழுதுவோனை எண்ணிப் பாருங்கள். எழுத்தாணி ஓலையைக் கீறுவதைக் கை உணர்கிறது. மையாடிய பின் எழுத்துத் துலங்குவதைக் கண் காண்கிறது. எழுதும் கையும் பார்க்கும் கண்ணும் ஒருவருக்கே உரியவை. பிழை நேராமல் இல்லை; எழுத்து மாறும், வரி விடுபடும், செல் அரிக்கும், முறியும். ஆனால் அப்பிழை கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே நேர்ந்தது. ஆதலாலன்றோ, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்ற முடிந்தது! அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டுவது, ஒன்றோடொன்று ஒப்பு நோக்குவது, வேறுபடும் இடத்தில் வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வது என்பனவே அவர்களுடைய முறை. ஒரே பிரதியை நம்பலாகாது, பிழைக்கும் ஒரு காரணம் உண்டு என்னும் இவ்விரு கொள்கைகளையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவை மீண்டும் வரும்.

இனி, கணினிக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம், கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் உருவாக்கிய ராமாக் என்னும் பொறியை வெளியிட்டது. ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே தண்டிற் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே கொண்டிருந்தன. காந்தத் தட்டில் எழுதிப் படிக்கும் வன்தட்டுகளின் குலமுதல் அதுவே. அன்றுதான் எழுதும் கையும் பார்க்கும் கண்ணும் பிரிந்தன. காந்தப் புள்ளியைக் கண் காணாது. “எழுதிவிட்டேன்” என்று பொறி சொல்வதைச் செவி கேட்கும், அவ்வளவே.

அப்பால், அந்தச் சொல்லைச் சொல்வோரும் பலராயினர். நாம் ‘சேமி’ என்றதும் எழுத்து நேரே தட்டிற்குப் போவதில்லை. முதலில் கணினியின் தற்காலிக நினைவகத்திற் போய் நிற்கிறது. அங்கே சேர்ந்தவுடனேயே “ஆயிற்று” என்ற விடை நமக்கு வந்துவிடுகிறது. பழைய யுனிக்ஸ் இயக்க முறைமையில், நினைவகத்திலுள்ளதைத் தட்டிற்கு அனுப்பும் வேலை 30 செக்கனுக்கு ஒருமுறை நடந்தது. அவ்வாறு அனுப்பப்பட்ட பின்னும், இக்காலத் தட்டுகள் தமக்குள்ளே இருக்கும் ஒரு சிறிய நினைவகத்தில் அதனை வாங்கி வைத்துக்கொண்டு, தட்டில் பொறிக்கு முன்னரே “பெற்றேன், எழுதினேன்” என்கின்றன. தபாற்கந்தோரில் கடிதத்தை வாங்கியவர், அது உரியவர் கையிற் சேர்ந்துவிட்டது என்று பற்றுச்சீட்டு எழுதித் தருவதை இஃது ஒக்கும். வேகத்தின் பொருட்டு நாம் ஏற்றுக்கொண்ட ஏற்பாடுதான் இது. மின்சாரம் நில்லாதிருக்கும்வரை தீங்கில்லை.

மின்சாரம் நின்றால் என்ன நிகழும்? பாடசாலையில் ஒரு மாணவன் சேருகின்றான் என்று வைத்துக்கொள்வோம். சேர்வு இடாப்பில் அவன் பெயரை எழுத வேண்டும். வகுப்பின் வரவு இடாப்பில் எழுத வேண்டும். அட்டவணையிற் பக்க எண்ணைக் குறிக்க வேண்டும். வெற்றிடங்களின் தொகையில் ஒன்றைக் குறைக்க வேண்டும். நான்கும் முடிந்தாற்றான் பதிவு முழுமை பெறும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எழுதுபவர் எழுந்து போய்விட்டால்? ஓரேட்டில் இருக்கும் பிள்ளை மற்றோரேட்டில் இல்லை. கணினியின் கோப்பு முறைமையும் இத்தகையதே. கோப்பின் பெயர் ஓரிடத்தில், அதன் அளவும் இருப்பிடமும் ஓரிடத்தில், உள்ளடக்கம் வேறோரிடத்தில், எந்தக் கட்டம் வெறுமை என்ற கணக்கு இன்னுமோரிடத்தில். இடையிற் பணி அறுந்தால், பெயர் உண்டு, பொருள் இல்லை; அல்லது, ஒரே கட்டத்தை இரு கோப்புகள் தமக்கெனக் கோரும்; அல்லது, யாருக்கும் உரிமையில்லாத பொருள் அநாதையாய்க் கிடக்கும்.

இந்நோயை நாடிபிடித்துப் பார்த்த முதல் வைத்தியர்களுள் ஒருவர் டெட் கோவால்ஸ்கி என்பவர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், 1970களின் பிற்பகுதியில், யுனிக்ஸ் முறைமைக்காக அவர் எழுதிய பரிசோதனை நிரல் ‘எஃப்.எஸ்.சி.கே.’ என்று வழங்குகிறது. தட்டு முழுவதையும் அது படிப்படியாகத் தணிக்கை செய்யும். கட்டங்களின் கணக்கு ஒத்திருக்கிறதா, பெயர்கள் உரிய இடத்தைச் சுட்டுகின்றனவா, எல்லா அடைவுகளும் தலைமை அடைவோடு தொடர்புற்றிருக்கின்றனவா, எத்தனை பெயர்கள் சுட்டுகின்றனவென்ற எண்ணிக்கை சரியா, வெற்றிடக் கணக்கு உண்மையா என்று அது வினவும். உரிமையற்றுக் கிடக்கும் கோப்புகளை ‘இழந்து கண்டவை’ என்ற பொருள் தரும் ஓர் அடைவில் ஒதுக்கி வைக்கும். அநாதைகளுக்கு ஓரில்லம் அமைத்த அந்தப் பரிவு என்னை மிகவுங் கவர்ந்தது.

ஆனால் இத்தணிக்கைக்கு இரண்டு குறைகள் உண்டு. தட்டுகள் பெருகப் பெருகத் தணிக்கைக்காகும் நேரமும் பெருகிற்று. மற்றொன்று, இதனினும் பெரிது: ஏடுகள் ஒன்றோடொன்று முரணாமல் இருக்கின்றனவா என்றுதான் அது பார்க்குமேயன்றி, ஏட்டில் எழுதியிருப்பது உண்மைதானா என்று அதற்குத் தெரியாது. பொய்க்கணக்கும் முரணின்றி எழுதப்படலாமன்றோ?

நோய் வந்தபின் மருந்து தேடுவதை விட்டு, வருமுன் காக்கும் வழியைச் சிலர் நாடினர். அவ்வழி நம் கடைத்தெருவுக்குப் புதியதன்று. கல்முனைச் சந்தையிலே பழைய வணிகர்கள் கணக்கெழுதும் முறையை நேயர்களிற் பலர் அறிவீர்கள். நடந்த கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசைப்படி முதலிற் சிட்டையிற் குறிப்பர். பின்னர் ஆறுதலாகப் பேரேட்டில் ஆளாளுக்குரிய பக்கத்தில் ஏற்றுவர். பேரேட்டை எழுதும்போது விளக்கணைந்து போனாலும் கவலையில்லை. சிட்டையைப் பார்த்து மீண்டும் ஏற்றலாம். “பேரேட்டைத் தொடுமுன் சிட்டையில் எழுது, சிட்டை பத்திரமானதன்றிப் பேரேட்டைத் தொடாதே” என்பதே விதி.

இவ்விதியைக் கணினிக்குரிய சாத்திரமாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிறே. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்தில் அவரும் அவருடைய தோழர்களும் இப்பணியைச் செய்தனர். 1998ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. இழந்தவற்றை மீட்கும் கலையை உலகுக்குக் கற்பித்த அப்பேரறிஞர், 2007ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி, தம் அன்னையின் சாம்பலைக் கடலிற் கரைப்பதற்காகத் தனியே பாய்மரப் படகிற் சென்று, மீளவேயில்லை. கடலை அறிந்த நமக்கு அச்செய்தியின் பாரம் விளங்கும்.

கிறேயின் வழியில் வந்து, அக்கலையை முழுமைப்படுத்தியோருள் ஒருவர் சி. மோகன். சென்னையிலுள்ள இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனப் பொறியியல் கற்று 1977இல் பட்டம் பெற்ற இவர், பின்னர் அமெரிக்கா சென்று கணினியியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1981இல் ஐ.பி.எம். ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். 1992ஆம் ஆண்டு இவரும் நான்கு தோழர்களும் ‘ஏரீஸ்’ என்னும் மீட்பு முறையை விரிவாக எழுதி வெளியிட்டனர். தரவுத்தளங்கள் விபத்தின்பின் எழுந்து நிற்கும் வகையை அம்முறை பெரிதும் வகுத்தது.

வரலாற்றாசிரியனாகிய என்னை வியக்க வைத்தது அம்முறையின் உட்கருத்தேயாகும். விபத்து நேர்ந்தபின் கணினி மூன்று முறை சிட்டையைப் படிக்கிறது. முதல் முறை, விபத்தின்போது எந்தெந்தப் பணிகள் அரைகுறையாய் நின்றன என்று ஆராய்கிறது. இரண்டாம் முறை, நடந்தவற்றையெல்லாம், பின்னர் கைவிடப்பட வேண்டியவற்றையுங்கூட, நடந்தவாறே மீண்டும் நிகழ்த்துகிறது. மூன்றாம் முறை, முற்றுப்பெறாத பணிகளை மட்டும் பின்னிருந்து ஒவ்வொன்றாக நீக்குகிறது. ‘வரலாற்றை மீள நிகழ்த்துதல்’ என்பதே இரண்டாம் படிக்கு அவர்கள் இட்ட பெயர். வேண்டாதவற்றை முதலிலேயே மறைத்துவிட்டு வரலாறு எழுதலாகாது. உள்ளதை உள்ளவாறு நிறுத்திக்கொண்டு, அதன் பின்னரே தீர்ப்பளிக்க வேண்டும் என்னும் நீதி இதிலே பொதிந்து கிடக்கிறது. இலிகிதர் விடயத்தில் நானோ முதலிலே தீர்ப்பளித்துவிட்டேன்.

தரவுத்தளங்களில் வளர்ந்த இச்சிட்டை முறை, கோப்பு முறைமைகளுக்கும் பரவிற்று. 1987இல் சீடர் என்னும் முறைமைக்காக றொபேட் ஹக்மன் இதனைக் கையாண்டார். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. முறைமையிலும் இது இடம்பெற்றது. ஸ்டீபன் ட்வீடி 1998இல் முன்வைத்த திட்டம், 2001இல் லினக்ஸ் முறைமையில் ‘ஈ.எக்ஸ்.ரி.3’ என்னும் பெயருடன் சேர்ந்தது. இனிக் கவலையில்லை என்று பலரும் எண்ணினர்.

ஆனால் சிட்டையின் வலிமை எதனைப் பொறுத்தது? சிட்டை உண்மையாகவே எழுதப்பட்டிருப்பதைப் பொறுத்தது. சிட்டையிற் குறித்தேன் என்று தட்டு பொய் சொன்னால் முழுக் கட்டடமுஞ் சரியுமன்றோ?

அப்படியே சரிந்தது. 2005ஆம் ஆண்டு சனவரியில், லைவ்ஜேர்னல் என்னும் இணையச் சேவையின் கணினிகள் வைக்கப்பட்டிருந்த நிலையத்தில் மின்சாரம் அறுந்தது. மீண்டும் ஒளி வந்தபோது, எழுதப்பட்டதாக உறுதியளிக்கப்பட்டவை பல சிதைந்திருந்தன. அதன் நிறுவனர் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், தட்டின் வாய்மையைச் சோதிக்கும் எளிய வழியொன்றை வகுத்தார். ஒரு கணினி தட்டில் எழுதும். தட்டு “ஆயிற்று” என்ற ஒவ்வொரு முறையும் அச்செய்தியை மற்றொரு கணினிக்கு அறிவிக்கும். இடையில் ஒருவர் மின்சாரத்தைப் பிடுங்குவார். மீண்டும் இயக்கிய பின், தட்டில் உண்மையில் இருப்பதையும், மற்றைய கணினி குறித்து வைத்த சாட்சியத்தையும் ஒப்பிடுவார்கள். வேறுபாடு இருந்தால் தட்டு பொய்யுரைத்தது என்பது தெளிவு. குற்றஞ்சாட்டப்பட்டவனையே சாட்சி கேளாமல், வெளியே நிற்கும் ஒருவனைக் கேட்கும் இம்முறையை எந்த நீதிமன்றமும் ஏற்கும்.

அதே 2005ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் விஜயன் பிரபாகரனும் தோழர்களும், வேண்டுமென்றே தட்டுகளைத் தவறச் செய்து, கோப்பு முறைமைகள் என்ன செய்கின்றன என்று பார்த்தனர். எழுதும்போது தவறு நேர்ந்ததாகத் தட்டே அறிவித்தபின்னும், ஈ.எக்ஸ்.ரி.3 அதனைப் பலவிடத்துச் செவிமடுக்கவில்லை என்று கண்டனர். ஆக, தட்டு பொய்யுரைப்பதும் உண்டு. அது மெய்யுரைத்தாலும் கேட்பாரில்லாமையும் உண்டு.

பின்வந்த ஆய்வுகள் அச்சத்தைப் பெருக்கின. 2007இல், ஐரோப்பாவின் சேர்ன் அணு ஆய்வு நிலையத்தில் 3,000க்கு மேற்பட்ட கணினிகளில் தெரிந்த ஒரு கோலத்தை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தனர். எந்த முறைப்பாடும் எழாத இடங்களிலேயே பிழைகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை தட்டுக்கும் அதனை ஆளும் கருவிக்கும் இருந்த பொருத்தமின்மையால் விளைந்தவை. 2008இல் லட்சுமி பைரவசுந்தரமும் தோழர்களும் 15 இலட்சத்து 30 ஆயிரம் தட்டுகளை 41 மாதம் கவனித்த தரவுகளை ஆராய்ந்து, எழுதியதும் இருப்பதும் ஒவ்வாத நிலை 4 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை நேர்ந்ததாக வெளியிட்டனர். 2013இல், சுழலும் தட்டின்றி இயங்கும் 15 புதுவகைச் சேமிப்பகங்களில் மின்சாரத்தைத் திடீரென நிறுத்திப் பார்த்தபோது, 13 சேமிப்பகங்கள் பழுதுபட்டோ முரண்பட்டோ நடந்துகொண்டன.

2014இல் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையும் தோழர்களும் பிரபலமான 11 மென்பொருள்களைச் சோதித்து, திடீர் விபத்தால் தரவு கெடக்கூடிய 60 பலவீனங்களைக் கண்டனர். 2018இல், புகழ்பெற்ற போஸ்ட்கிறெஸ் தரவுத்தளத்தை ஆக்குவோர் வேறொன்றை உணர்ந்தனர். “தட்டிற்கு அனுப்பு” என்ற ஆணை ஒருமுறை தவறினால், மறுமுறை கேட்கும்போது, எழுதப்படாதது எழுதப்பட்டதாகவே லினக்ஸ் விடையளிக்கக்கூடும் என்பதே அது. இரண்டாண்டின் பின் ராம்நாத்தன் அழகப்பன் உள்ளிட்டோர் அதனை விரிவாக ஆராய்ந்தனர். கேட்டவுடன் தமிழென்று காட்டும் பெயர்கள் இத்துறையில் இத்தனை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இவர்கள் தரும் மருந்தென்ன? பிரிந்துபோன கையையும் கண்ணையும் மீண்டும் சேர்ப்பதே மருந்து. எழுதும்போதே எழுத்துக்களைக் கூட்டி ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு, அதனைத் தனியே வைப்பர். படிக்கும்போது மீண்டும் கூட்டிப் பார்ப்பர். தொகை ஒவ்வாவிடின் எழுத்துக் கெட்டது என்பது தெளிவாகும். நம் புராண நூல்களின் படலந்தோறும் “ஆகத் திருவிருத்தம்” இவ்வளவு என்று தொகை போடுவதை நேயர்கள் அறிவீர்கள். ஏட்டில் ஒரு பாட்டு விடுபட்டால் அத்தொகை காட்டிக் கொடுத்துவிடும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பொன்விக்கும் தோழர்களும் ஆக்கி, 2005இல் வெளியிட்ட ‘சற்.எஃப்.எஸ்.’ என்னும் முறைமை இக்கொள்கையிலேயே நிற்கிறது. ஒரு கட்டத்தின் தொகையை அக்கட்டத்தோடு வைக்காமல், அதனைச் சுட்டும் மேற்கட்டத்தில் வைப்பது அதன் சிறப்பு. தொகை ஒவ்வாத போது, வேறொரு பிரதி இருக்குமாயின், அதனைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்பு நோக்கியதும் இதற்காகவன்றோ?

இனி, என் மேசைக்குத் திரும்புவோம். எங்கள் பாடசாலையிற் பயின்று, கணினித் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலிற் சொன்னது, “சேர், அந்த பென் டிரைவில் இனி ஒன்றும் எழுத வேண்டாம்” என்பதாகும். பழுதுபட்ட தட்டில் மேலும் எழுதினால், எஞ்சிய சான்றும் அழியும். தொல்பொருளாய்வாளன் அகழ்ந்த குழியை மிதியாதவாறு, அவர் அதன் உள்ளடக்கம் முழுவதையும் அப்படியே வேறொரு தட்டில் பிரதியெடுத்து, அப்பிரதியிலேயே ஆராய்ந்தார்.

பின்னர் அறிகுறிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். மின்வெட்டுத்தான் காரணமாயின், கடைசிச் சில செக்கன்களில் எழுதியவையே கெட்டிருக்க வேண்டும். இங்கோ, முந்திய வாரங்களின் கோப்புகளும் வெறுமையாயிருந்தன. கணினியின் நினைவகம் பழுதாயின், எழுத்துக்கள் ஆங்காங்கு மாறியிருக்க வேண்டும். இங்கோ, குறிப்பிட்ட ஓர் எல்லைக்கு முந்தியவை யாவும் செம்மையாயிருந்தன. பிந்தியவை யாவும் வெறுமை. வைரசு செய்த அழிவாயின், அவ்வெல்லையைப் பார்த்து அழித்திருக்காது. “எல்லை இருக்கும் இடத்திற்றான் காரணம் இருக்கிறது” என்றார் அவர்.

மூலத்தின் பிரதி கையிலிருந்தமையால், இறுதியாக பென் டிரைவையே சோதித்தார். தொடக்கம் முதல் முடிவு வரை தெரிந்த ஒரு கோலத்தை எழுதி, கழற்றிச் செருகி, திரும்பப் படித்தார். 64 கிகாபைற்று என்று மேலே அச்சிட்டிருந்த அப்பொருள், 8 கிகாபைற்று அளவில்தான் எழுத்தைத் திருப்பித் தந்தது. அதற்கு மேல் எழுதியவற்றுக்கெல்லாம் “எழுதினேன்” என்று விடை தந்து, ஒன்றையும் எழுதவில்லை. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்யப்பட்ட போலி அது. இல்ல விளையாட்டுப் போட்டியின் படங்கள் உண்மையான 8 கிகாபைற்றையும் நிரப்பிவிட, பின்வந்த இடாப்புக்கள் இல்லாத இடத்தில் எழுதப்பட்டன.

அப்படியானால் இலிகிதர் திறந்து பார்த்தபோது எழுத்து எப்படித் தெரிந்தது? கணினி தன் நினைவகத்தில் வைத்திருந்த பிரதியையே அவருக்குக் காட்டியது. மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாயிற்று, திரை விலகியது. மின்வெட்டு எழுத்தை அழிக்கவில்லை. எழுத்தே இல்லை என்பதை அது வெளிப்படுத்தியது, அவ்வளவே. இலிகிதர் கூறியது அட்சரம் பிசகாத உண்மை. அவர் சேமித்தார், திறந்தும் பார்த்தார். அவருடைய கண்ணுக்குக் காட்டப்பட்டது மட்டும் வேறு.

மறுநாள் அவரை அழைத்து, என் கடிதத்தை மீளப் பெற்றுக்கொள்வதாக எழுத்தில் கொடுத்தேன். பழைய கடிதத்தைக் கிழித்தெறியவில்லை. அதன்மேல் இதனைத் தைத்து வைத்தேன். நடந்ததை நடந்தவாறே நிறுத்தி, பின்னர் தவற்றை நீக்குவதுதானே மோகனும் தோழர்களும் கற்பித்த முறை. “பரவாயில்லை சேர்” என்று மட்டும் அவர் சொன்னார். அந்தச் சொல்லின் பெருந்தன்மை இன்றும் என்னைச் சுடுகிறது.

இடாப்பைக் கடதாசிப் பிரதியிலிருந்து மீண்டும் பதிந்தோம். அந்த இளைஞனின் விடுகைப் பத்திரமும் கொடுக்கப்பட்டது. ஆனால் பெற்றோரைக் கேட்டுத் திருத்திய குறிப்புக்கள் பல திரும்பவேயில்லை. அவற்றுட் சிலவற்றைச் சொன்ன முதியோர் அதற்குள் மறைந்துவிட்டனர். எழுத்தின் இழப்பு எழுத்தோடு நின்றுவிடுவதில்லை.

இத்தகைய இழப்பு சிறு பாடசாலைக்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினிச் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகத்து 26 வரையான மின்னஞ்சல்கள் பலவும் இழக்கப்பட்டன. அங்கே காரணம் வேறு. பணயம் கேட்கும் தீய நிரல் அது. ஆயினும், அக்காலத்துக்குரிய மறுபிரதி இல்லாமையே இழப்பை நிலையாக்கிற்று. ஏடு அரித்தது செல்லாயினும் திருடனாயினும், இரண்டாம் ஏடு இருந்தால் மீட்சியுண்டு.

எனவே, பாடசாலை நடத்துவோர்க்கும், கடை வைத்திருப்போர்க்கும், பள்ளிவாசல், கோயில், தேவாலயப் பதிவுகளைக் காப்போர்க்கும் என் அநுபவத்திலிருந்து சில சொல்வேன். புதிதாய் வாங்கிய சேமிப்பகத்தை, முழுவதும் எழுதித் திரும்பப் படித்தபின்னரே நம்புங்கள். பிடுங்குமுன் பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுங்கள். ஏனெனில், பென் டிரைவுகள் பெரும்பாலும் சிட்டை வைக்காத பழைய வகைக் கோப்பு முறைமையையே கைக்கொள்கின்றன. முக்கியமானவற்றை இரண்டிடத்தில், ஒன்றையேனும் வேறு கட்டடத்தில் வையுங்கள். பிரதியெடுத்த கணினியை விட்டு, வேறொரு கணினியிலே திறந்து பாருங்கள். பழுது கண்டால், முதலில் எழுதுவதை நிறுத்துங்கள், அறிகுறிகளை எண்ணுங்கள், அதன் பின்னரே ஆள்மீது கைகாட்டுங்கள்.

நம் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களில், திருக்குர்ஆனை மனனஞ் செய்த ஹாபிழ்கள் பலர் உளர். தொழுகை நடத்துபவர் ஓதுகையில் ஓரெழுத்துத் தவறினாலும், பின்நின்று கேட்கும் ஹாபிழ் உடனே எடுத்துக் கொடுப்பார். ஓதுபவர் அதனை இழுக்காகக் கருதுவதில்லை. கேட்பவர் அதனைப் பெருமையாகக் கொள்வதுமில்லை. ஓதும் வாயோடு, கேட்டுச் சரிபார்க்கும் செவியும் எப்போதும் உடன் நிற்கிறது. எழுபது ஆண்டுக் கணினி வரலாறு தேடித் தேடிக் கண்டடைந்த முறையும் அதுவேயாகும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் இலிகிதரும் நானும் சேர்ந்து அமர்கிறோம். அந்த வாரம் எழுதியதை மற்றைய கணினியிலே அவர் திறப்பார். நான் கடதாசி இடாப்பைப் படிப்பேன். அவர் கையும் என் கண்ணும் சிறிது நேரம் ஒன்றாகும். பின்னர் இருவரும் கையொப்பமிடுவோம்.